எண்ணெய் மேஸ்திரி செய்த பிளேடு

கொல்லிமலையில் இருக்கிற எங்கள் ஊருக்கு வண்டிப் பாதை வராத காலத்தில், செம்மேட்டிலிருந்து சிமெண்டு மூட்டையைத் தலையில் சுமந்து வந்து ஊரின் முதல் காரை வீட்டைக் கட்டியவன் நான். ஓடைப் பாலம் மூன்று கட்டினேன். அதில் ஒன்றின் மேல் இன்றைக்கும் மரவள்ளிக் குச்சிக்கிழங்கு லாரி பாரத்தோடு போகிறது. பாலம் ஒரு முறை முனகியதுகூட இல்லை. குடிதண்ணீர்த் தொட்டி இரண்டு. பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர். மண் சரிந்த பிறகு எல்லோரும் ஆகாது என்று கைகழுவிய மேட்டில் இன்றும் நிற்கிற தடுப்புச் சுவர். மிளகு காயப்போடும் களங்கள் எத்தனை என்று எனக்கே மறந்துவிட்டது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் மாட்டுக்குப் பின்னால் போனேன். வரைபடம் பார்த்து ஒரு செங்கல்கூட வைத்ததில்லை. நூலும் தூக்குக்குண்டும் என் கண்ணும் எனக்குப் போதும்.

இவை எல்லாவற்றையும் தராசின் ஒரு தட்டில் வைத்து, எங்கள் ஊர்க் கூடத்தின் தரையை மட்டும் மறு தட்டில் வையுங்கள். தரை இருக்கிற தட்டுதான் கீழே இறங்கும்.

அது ரெட் ஆக்சைடு போட்ட சிவப்புத் தரை. முப்பது வருடங்களுக்கு முன்னால் போட்டது. கலவை ஒரே சீராக வர வேண்டும் என்பதற்காகச் சாயப்பொடியையும் சிமெண்டையும் நானே சலித்தேன். இன்னொருவர் கையைச் சல்லடையில் வைக்க விடவில்லை. மூன்று நாள் முழங்காலில் நின்று கரணையால் தேய்த்தேன். ஈரம் போன பிறகு பழைய வேட்டித் துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டு மறுபடியும் தேய்த்தேன். கடைசியில் பெண்கள் குனிந்து கூட்டும்போது தரையில் தங்கள் மூக்குத்தியைப் பார்த்தார்கள். ஊரில் நடந்த கல்யாணம், சீர், பஞ்சாயத்து எல்லாம் அந்தத் தரையில்தான். என் கல்யாணம் மட்டும் அதில் நடக்கவில்லை. அப்போது அந்தத் தரை பிறக்கவில்லை.

பிறகு ஊருக்கு நாகரிகம் வந்தது. சிவப்புத் தரை பழசு என்று யாரோ சொல்ல, கூடத்துக் கமிட்டியில் அப்போது இருந்தவர்கள் பூப்போட்ட பிளாஸ்டிக் ஷீட் ஒன்றை வாங்கி வந்து ரப்பர் பசை போட்டுத் தரை முழுக்க ஒட்டிவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஷீட் ஒட்டிய அன்றைக்கு நான் மலையடிவாரத்துக் காரவள்ளிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். காரவள்ளியில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.

சென்ற மார்கழியில் அந்த ஷீட்டுக்கு ஆயுள் முடிந்தது. மூலைக்கு மூலை கிழிந்து, நடப்பவர் கால்விரலைப் பிடித்து இழுத்தது. தை மாதத்தில் ஊர்த்தலைவரின் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். அதற்குள் கூடத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று மலைக்குக் கீழே காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து ஒரு காண்ட்ராக்டரைப் பிடித்தார்கள். நல்ல மனிதர், நாற்பது வயது இருக்கும். பேச்சு மட்டும் வண்டி இறக்கத்தில் போகிற மாதிரி வேகம். கூடவே மிஷின்காரர் ஒருவர் வந்தார். அவர் அதிகம் பேசமாட்டார். பேச வேண்டியதைத் தரை உடைக்கிற அவருடைய ஹேமர் மிஷின் பேசிவிடும்.

ஷீட்டை இழுத்தார்கள். மேல் தோல் மட்டும் வந்தது. அடியில் இருந்த பஞ்சும் பசையும் தரையோடு கிடந்தன, கூடம் முழுக்க, கறுத்துப்போன வெல்லப்பாகு மாதிரி. காண்ட்ராக்டர் செருப்புக் காலால் ஒரு உதை விட்டார். செருப்பு ஒட்டிக்கொண்டது.

"தலைவரே, இது ஆவாதுங்க. தரையவே ஒடச்சுப் போட்டுட்டு டைல்ஸ் ஒட்டிப்போடலாம். ரெண்டு நாள்ல ஒடச்சுருவோம்," என்றார்.

ஊர்த்தலைவர் என்னைப் பார்த்தார். உறவில் எனக்கு மருமகன் முறை. நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். யாரும் என்னை அழைக்கவில்லை. என் தரையைப் பார்க்க எனக்கு அழைப்பு எதற்கு?

"ஒடைக்கறதா? அதுக்குக் கீழ என்ன கெடக்குதுன்னு தெரியுங்களா உங்களுக்கு?" என்றேன்.

"மண்ணுதானுங்க பெரியவரே."

"மண்ணுக்கு மேல என்ற தரை கெடக்குது, கண்ணு."

காண்ட்ராக்டர் சிரித்தார். ஊர்த்தலைவர் சிரிக்கவில்லை, நாட்காட்டியைப் பார்த்தார். "மாமா, நாலு நாள் தாரேன். அதுக்குள்ள பசை போயி தரை வந்தா அப்பிடியே உட்டரலாம். வரலைன்னா அவரு சொல்றபடிதான். புள்ள கல்யாணமுங்க, நானும் என்ன பண்ணட்டும்?" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். நாலு நாள். இல்லாவிட்டால் என் தரை உடைந்த செங்கல்லோடு குழிக்குப் போகும்.

மிஷின்காரர் கடையில் வாங்கிய சுரண்டும் பிளேடு ஒன்றை மிஷினில் மாட்டினார். பளபளவென்று இருந்தது, கையகலம். மிஷின் உறுமியது. ஓரடி தூரம் பசை கிழிந்து வந்தது. நானும் சந்தோஷமாகக் குனிந்தேன். பார்த்தால், பிளேடின் மூலை தரையில் ஒரு வெள்ளைக் கோடு கீறியிருந்தது. என் நெஞ்சில் கீறியது போலத்தான் இருந்தது. அடுத்த அடியில் பிளேடே வளைந்துவிட்டது.

"பாத்தீங்ளா? எப்பிடியும் தரை ஒடையத்தான் போகுது. அத நாமளே ஒடச்சுட்டா நேரமாச்சும் மிச்சம்," என்றார் காண்ட்ராக்டர்.

"மிஷின் உங்களுது. பிளேடு என்னுது. நாளைக்குக் காலைல வாரேன்," என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

எங்கள் மலைப் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவு. பாரம் ஏற்றிய வண்டிகள் ஏறி இறங்குகிற வேகத்தில் ஸ்பிரிங் பட்டைகள் ஒடிந்து விழுவது வழக்கம். மற்றவர்கள் அதைப் பார்த்துவிட்டுப் போவார்கள். நான் எடுத்து வருவேன். என் வீட்டு ஆட்டுப்பட்டியின் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தது ஒரு டெம்போவின் மெல்லிய பட்டை. அதை உருவினேன். கதவு விழுந்தது. ஆடுகள் வெளியே வந்தன. என் மனைவி பின்னாலேயே வந்தாள்.

"ஏனுங்க, ஊட்டுல இருக்கற ஆட்ட உட்டுப்போட்டு ஊர்த் தரையப் புடிக்கப் போறீங்ளா?"

"ஆடு திரும்பி வரும். தரை போனா வருமா?"

செம்மேட்டில் பட்டறை வைத்திருப்பவர் எனக்குப் பழக்கம். அவருடைய பட்டறைச் சுவரும் நான் எழுப்பியதுதான். பட்டையைத் தண்ணீர் ஊற்ற ஊற்ற அறுத்தோம்; சூடேறினால் இரும்பின் விறைப்புப் போய்விடும். ஆறு விரல் அகலம் வைத்தேன். வாயை ஒரு பக்கம் மட்டும் சாய்த்துச் சாணை பிடித்தேன். கடை பிளேடு செய்த தப்பு எனக்குப் புரிந்திருந்தது: அதற்கு மூலை இருந்தது. நான் இரண்டு மூலையையும் கட்டைவிரல் நகம் மாதிரி உருட்டினேன். மிஷின்காரர் கொடுத்து அனுப்பிய ஒடிந்த உளியின் அடிப்பாகத்தை வால் மாதிரி வைத்து வெல்டு அடித்தோம். வெல்டு வைத்த இடத்தைத் தண்ணீரில் விடக்கூடாது, விரிசல் விடும். சாம்பலுக்குள் புதைத்து மெல்ல ஆறவிட்டோம். இதை எந்தப் புத்தகத்தில் படித்தேன் என்று பட்டறைக்காரர் கேட்டார். புத்தகம் என்னைப் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்றேன்.

மறுநாள் காலை, நாலு நாள் கெடுவின் முதல் நாள், மிஷினில் அதை மாட்டினோம். சாய்த்த பக்கம் கீழே வருகிற மாதிரி பிடிக்கச் சொன்னேன். மிஷின்காரர் தலைகீழாக இருக்கிறதே என்று பார்த்தார். பிடித்தார். பிளேடு தரையைக் கடிக்காமல் அதன் மேல் படகு மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. ஒரு கீறல் இல்லை. பசை மட்டும் எழுந்தது. அதற்கு அடியில், ஒரு முறத்தளவு, என் சிவப்பு.

ஆனால் முறத்தளவுதான். மார்கழிக் குளிர் இருந்த வரைக்கும் பசை இறுகிக் கிடந்து ஒழுங்காக வந்தது. வெயில் ஏறி, மிஷினின் சூடும் சேர்ந்ததும் இளகிவிட்டது. கயிறு கயிறாக வந்து பிளேடைச் சுற்றியது. ஒரு முழம் போக வேண்டியது, நிறுத்திப் பிய்க்க வேண்டியது. அன்று பொழுது சாய்வதற்குள் இரண்டு கட்டில் அளவு இடம்தான் தெளிந்தது. கூடத்தின் நீளம் எனக்குத் தெரியும். நானே அளந்து கட்டியது. இந்த வேகத்தில் போனால் சித்திரையில்தான் கல்யாணம் வைக்க வேண்டும்.

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டாலும் மலையில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு ஊர் வைத்த பெயர் எண்ணெய் மேஸ்திரி.

சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலையை நான் முதன்முதலாக எடுத்தபோது செம்மேட்டில் ஒரு உரக்கடை கிடைத்தது. அதன் சுவர் முழுக்க விளம்பர ஸ்டிக்கர்கள். சுரண்டச் சுரண்டக் கோந்து பிளேடில் அப்பியது. எங்கள் மலையில் பிறந்தவன் எவனும் அந்த நிலையில் என்ன செய்வானோ அதை நான் செய்தேன். பலாப்பழம் அறுக்கும்போது பால் ஒட்டாமல் இருக்கக் கத்திக்கு எண்ணெய் தடவுவோம் அல்லவா? பிளேடுக்குத் தடவினேன். கோந்து வாழைப்பட்டை மாதிரி உரிந்து வந்தது. கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு பெயிண்ட் அடித்தேன். சித்திரையில் அடித்தது. ஐப்பசி மழை வந்ததும் பெயிண்ட் பாம்புச் சட்டை மாதிரி முழுசாகக் கழன்று தொங்கியது. எண்ணெய் குடித்த சுவரில் பெயிண்ட் எப்படி நிற்கும்? சுவரைக் கொத்தி, பூசி, என் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தேன். சுவர் சரியாகிவிட்டது. பெயர் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து வேலை செய்கிற இடத்தில் நான் தலைக்குக்கூட எண்ணெய் வைப்பதில்லை.

அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து பிளேடில் சுற்றியிருந்த பசையை ஊசியால் குத்திக் குத்தி எடுத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பலாப்பழம் இப்பிடி அரிஞ்சிருந்தா நம்ம ஊட்டுல ஒருத்தரும் சொளை தின்னிருக்க மாட்டாங்க."

"வாய மூடு. எண்ணெப் பேச்சு எடுக்காத."

"செவுத்துக்கு மேல பெயிண்டு அடிச்சீங்க, உரிஞ்சுச்சு. தரைக்கு மேல என்னத்த அடிக்கப் போறீங்க?"

ஊசியைக் கீழே வைத்தேன். தரைக்கு மேல் ஒன்றும் அடிக்கப் போவதில்லை. அது எண்ணெய் குடித்தே பளபளப்பான தரை. முப்பது வருடங்களுக்கு முன்னால் வேட்டித் துணியில் எண்ணெய் ஊட்டி வளர்த்தவனே நான்தான். சுவருக்கு விஷமாக இருந்தது இதற்குத் தாய்ப்பால். இந்த யோசனை எனக்கும் வந்திருக்கும். அவள் ஒரு மூச்சு முந்திவிட்டாள்.

இரண்டாம் நாள் காலை எண்ணெய்த் தூக்கோடு நான் கூடத்துக்குள் நுழைந்ததும் காண்ட்ராக்டர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சாமி, எண்ணெ மேஸ்திரிங்கற பேரு கீழ எங்க ஊரு வரைக்கும் வந்திருக்குதுங்க. பேர மெய்யாக்கவே தூக்கோட வந்துட்டீங்ளா?"

"ஆமாங்க. பேரு சும்மா வருமா?"

"செவுத்துல ஒரு சொட்டுப் பட்டாலும் நான் பெயிண்ட் அடிக்கமாட்டனுங்க, இப்பவே சொல்லிப்போட்டேன்."

அது நியாயமான பேச்சு. அதை அவருக்கு முன்பே நான் யோசித்துவிட்டேன். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சுற்றிலும் சுண்ணாம்புக் கோடு போட்டேன். கோட்டுக்கு உள்ளேதான் எண்ணெய். கோட்டுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ளதைக் குளிர் நேரத்தில் நானே உட்கார்ந்து, எண்ணெய் படாத கைப்பிளேடால் சுரண்டுவது என்று முடிவு செய்தேன். ஒரு முறை சூடு பட்டவன் நான்.

பிளேடின் இரண்டு பக்கமும் எண்ணெய் தடவினேன். பசையின் மேலும் கொஞ்சம் தெளித்து ஊறவிட்டேன். மிஷின் உறுமியது. பசை பிளேடைச் சுற்றவில்லை. பாய் சுருட்டுகிற மாதிரி தானாகச் சுருண்டு, ஒரு பக்கமாகப் புரண்டு விழுந்தது. மிஷின்காரர் நிறுத்தாமல் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போனார். அங்கே போய்த்தான் மிஷினை அணைத்தார். மூன்று நாளில் அவர் பேசிய முதல் நீளமான பேச்சு அப்போதுதான் வந்தது.

"மேஸ்திரி, இந்தப் பிளேடு எனக்கு வேணுமுங்க."

"வேல முடியட்டும்."

காண்ட்ராக்டர் குனிந்து சிவப்பை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுருண்டு விழுந்த பசையை அவரே வாரிக் கூடையில் போட்டார். அதை நான் மறைக்க மாட்டேன். வேலை செய்கிற மனிதர்தான் அவர்.

பிளேடு மழுங்கும்போதெல்லாம் நான் சாணை பிடித்தேன். மூலை கூராகிவிடாமல் ஒவ்வொரு முறையும் உருட்டினேன். சுவரோரச் சாண் அகலத்தை நான் ஒருவனே குந்தி உட்கார்ந்து சுற்றி வந்தேன். வயது அறுபத்தெட்டு. முழங்கால் சத்தம் போட்டது. மிஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் பொழுது சாயும்போது கடைசிப் பசையும் வந்துவிட்டது. தரையெல்லாம் ஒரே எண்ணெய், நடந்தால் வழுக்கும்.

நாலாம் நாள் என் மனைவி அரப்புத் தூள் கொண்டு வந்தாள். எண்ணெய் தேய்த்துக் குளித்தால் எங்கள் பக்கத்தில் தலைக்கு அரப்புத்தான். தரைக்கும் அதுவே போதும் என்றாள். ஊர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வெந்நீரோடு வந்து அரப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினார்கள். "எங்களுக்கே இப்பிடி எண்ணெ தேய்ச்சுத் தண்ணி வாத்தவங்க கெடையாது, இந்தத் தரைக்கு வந்த வாழ்வப் பாரு," என்று ஒருத்தி சொன்னாள். காய்ந்த பிறகு நான் வெறும் துணியால் ஒரு முறை துடைத்தேன். ஆரம்பத்தில் கடை பிளேடு போட்ட வெள்ளைக் கோடு மட்டும் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதை நான் மூடவில்லை. வேறு பிளேடு போட்டிருந்தால் கூடம் முழுக்க என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அது சாட்சி.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் கீழேயிருந்து வந்தார்கள். ஒரு பெரியவர் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே கால் வைத்தார், நின்றார், கீழே பார்த்தார். "எந்த ஊரு டைல்சுங்க இது? இணைப்பே தெரியலீங்களே?" என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். இணைப்பு இருந்தால்தானே தெரியும் என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை, கல் சொல்லும் என்று நினைத்திருந்தேன்.

ஏனென்றால் அன்று காலை வாசல் சுவரில் ஒரு கறுப்புக் கல் பதித்திருந்தார்கள். மேலே மஞ்சள் துணி போட்டு மூடியிருந்தது. ஊர்த்தலைவர் துணியை விலக்கினார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு கூட்டம் பந்திக்குப் போனதும் நான் மட்டும் நின்று படித்தேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் போனேன். ஊர்த்தலைவர் பெயர் இருந்தது. கமிட்டியார் பெயர்கள் இருந்தன. பெயிண்ட் வாங்கிக் கொடுத்தவர் பெயர் இருந்தது. காண்ட்ராக்டர் பெயர் கொஞ்சம் பெரிய எழுத்தில் இருந்தது. சரளமாகப் படிக்க வராவிட்டாலும் என் பெயரின் வடிவம் எனக்குத் தெரியும். மாட்டுக்காரனுக்குத் தன் மாடு தெரிகிற மாதிரி. அது அந்தக் கல்லில் இல்லை. அடியில் நாலு விரல் அளவுக்கு இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

பந்தியில் ஊர்த்தலைவரிடம் போனேன்.

"மாமா, கல்லு வேல ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயே வெட்டக் குடுத்ததுங்க. அப்ப தரையே இருக்கும்னு யாருக்குங்க தெரியும்?" என்றார்.

"இப்பத் தெரியுதுல்ல?"

"தெரியுதுங்க. சாப்புடுங்க, பேசிக்கலாம்."

சாப்பிட்டேன். பேசிக்கலாம் என்றது இன்னும் பேச்சாகவே இருக்கிறது. மிளகு பறித்து முடித்தாகிவிட்டது. அந்தக் கூடத்தில் அதற்குப் பிறகு இரண்டு கல்யாணம் நடந்துவிட்டது. மிஷின்காரர் என் பிளேடைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் இப்போது கீழே நாலு ஊரில் வேலை செய்கிறாராம். அவர் மட்டும் போகிற இடத்தில் எல்லாம் இது கொல்லிமலை மேஸ்திரி செய்தது என்று சொல்வதாகக் கேள்வி. நன்றாயிருக்கட்டும்.

அதனால் இதைச் சொல்லி எழுத வைக்கிறேன். கல்லில் இருக்கிற எந்தப் பெயரையும் எடுக்கச் சொல்லவில்லை. மிஷின் காண்ட்ராக்டருடையது, அதைப் பிடித்த கை மிஷின்காரருடையது, நாலு நாள் கொடுத்தது ஊர்த்தலைவர். எல்லாம் உண்மை. ஆனால் அந்தத் தரையைப் போட்டது நான். அதை உடைக்கவிடாமல் நின்றது நான். அதைக் கீறாத பிளேடைச் செய்தது நான். எண்ணெய் மேஸ்திரி என்று சிரித்த ஊருக்கு எண்ணெயாலேயே தரையைத் திருப்பிக் கொடுத்ததும் நான். இதை என் மனைவிக்குப் படித்துக் காட்டச் சொன்னேன். "எண்ணெய்னு வெட்டற எடத்துல எனக்கும் ஒரு புள்ளி வெச்சுரச் சொல்லுங்க," என்றாள். நியாயம்தான், எண்ணெய் யோசனையில் முந்தியவள் அவள். வைக்கட்டும்.

அடியில் நாலு விரல் இடம் இருக்கிறது. நான் அளந்துவிட்டேன், ஒரு வரி தாராளமாக உட்காரும். என் பெயரை அங்கே வெட்ட வேண்டும். காண்ட்ராக்டர் பெயரைவிடப் பெரியதாக வேண்டாம், அதைவிடச் சின்னதாகவும் கூடாது. கல் வெட்டுகிறவரைக் கூட்டி வாருங்கள். அவருடைய உளியை நானே சாணை பிடித்துத் தருகிறேன்.